முன்வாசலில் நிறுத்தப்பட்ட ஜாக்கி

விழுப்புரம் மாவட்டத்தில் குதிரை என்றால் இரண்டு குதிரைகள் நினைவுக்கு வரும். ஒன்று, 1714-இல் ஆற்காடு நவாப்பின் படையோடு மோதி மாண்ட செஞ்சி தேசிங்கு ராஜனின் குதிரை. கதைப்பாட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று, ஊர் எல்லையில் அய்யனார் கோயிலுக்கு முன்னால் காலைத் தூக்கி நிற்கும் குதிரை. முதல் குதிரையில் ராஜா ஏறினார். இரண்டாவதில் சாமி ஏறுகிறது. இந்த இருவரையும் விட்டால் வேறு யார் ஏறலாம் என்பது இந்த நாட்டில் இன்னும் தீராத வழக்கு.

2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் குதிரை வாங்கி ஓட்டியது மேல்சாதியாருக்குப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம் என்று அவருடைய தந்தை போலீசில் புகார் கொடுத்தார். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்சில் ஒரு தலித் மாப்பிள்ளை, தன் கல்யாண ஊர்வலத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைசியில் போலீஸ் பட்டாளத்தின் காவலோடுதான் ஊர்வலம் நடந்தது. நம் பக்கத்தில் குதிரை இல்லை. அதனால் தகராறு செருப்பிலும் தோள் துண்டிலும் சைக்கிளிலும் வந்தது. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்கள் இன்னும் நம் காலனிகளில் இருக்கிறார்கள். உயரத்தில் உட்கார்ந்து வருகிறவனை மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பிரச்சினை.

இந்த வாரம் ஒரு குதிரைக்காரரின் வரலாற்றைச் சொல்கிறோம். அவர் பெயர் ஜிம்மி விங்க்ஃபீல்டு. அமெரிக்கக் கறுப்பர். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. குதிரைப் பந்தய உலகத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. அவருடைய நாட்டிலேயே நெடுங்காலம் அவரை மறந்திருந்தார்கள்.

முதலில் ஜாக்கி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். திண்டிவனத்தில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்களுக்குக் கிண்டி ரேஸ் கோர்ஸ் தெரிந்த இடம். சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். 1945-இலிருந்து 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய். வாடகை பாக்கிக்காக அரசு குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் வாசலுக்குச் சீல் வைத்தது. (மூன்று சென்ட் மனைப் பட்டாவுக்காக தாலுகா ஆபீசில் மனு கொடுத்துக் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.) அங்கே ஓடிய குதிரைகளுக்குச் சொந்தக்காரர்கள் பணக்காரர்கள். பழக்குகிறவர் பயிற்சியாளர். புல் போட்டு, குளிப்பாட்டி, சாணி அள்ளுகிறவர் சைஸ் என்கிற குதிரைக்காரர். ஓட்டுகிறவர்தான் ஜாக்கி. குதிரை அவருடையதில்லை. உடம்பு மட்டும்தான் அவருடையது. ஐம்பது கிலோவைத் தாண்டாமல் வயிற்றைக் காயப்போட்டு, அங்கவடியில் கால் விரலை ஊன்றி, முதுகை வளைத்து, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிற மிருகத்தின் மேல் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். விழுந்தால் பின்னால் வரும் குதிரைகளின் குளம்பு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் கறுப்பர்கள். காரணம் எளிது. லாய வேலை அடிமை வேலை. பண்ணை முதலாளியின் குதிரை குட்டி போடும்போது கூட இருந்தது, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்தது, விடியற்காலையில் ஏறி ஓட்டிப் பழக்கியது எல்லாம் அடிமைகள். தலைமுறை தலைமுறையாகச் செய்ததில் குதிரையின் காது அசைவைப் பார்த்தே அதன் மனதைச் சொல்லும் அறிவு அவர்களிடம் சேர்ந்தது. நம்மூரில் மாட்டைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்று கேட்டால், மாட்டுக்காரரையா சொல்வோம், பண்ணையாள் வேலை பார்த்த பெரியவரையா?

1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அந்த ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலைக் காணிக்கையாக்கினார். அது வெளியான இரண்டாவது ஆண்டு, 1875 மே மாதம் 17-ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் முதல் ‘கென்டக்கி டெர்பி’ பந்தயம் நடந்தது. 15 குதிரைகள் ஓடின. ஓட்டியவர்களில் 13 பேர் கறுப்பர்கள். வென்றவர் ஆலிவர் லூயிஸ் என்ற கறுப்பர். வென்ற குதிரையைப் பழக்கிய அன்செல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். முதல் 28 டெர்பிகளில் 15-ஐக் கறுப்பின ஜாக்கிகளே வென்றார்கள். ஐசக் மர்ஃபி என்பவர் மட்டும் 1884, 1890, 1891 என்று மூன்று முறை வென்றார். பத்துப் பந்தயம் ஓட்டினால் நான்கில் வெல்கிறவர் என்று பெயர் வாங்கியவர். 1896-இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். பிற்காலத்தில் அவருடைய கல்லறை எங்கே என்றே தெரியாமல் போய், 1960-களில் ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த வரிசையில் வந்தவர்தான் விங்க்ஃபீல்டு. 1882-இல் கென்டக்கியின் லெக்ஸிங்டன் அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா வாரத்துக்குப் பயிர் வைப்பவர். வீட்டில் 17 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. பெற்றோர் இறந்தபின் சின்சினாட்டி நகரத்துப் பக்கம் வந்து, சில்லறை வேலைகள் செய்து, பதின்ம வயதில் பந்தயக் குதிரை லாயத்தில் கூலிக்குச் சேர்ந்தார். உயரம் ஏறத்தாழ ஐந்தடி. ஜாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த உடம்பு.

1898 ஆகஸ்டில் சிகாகோவில் முதல் பந்தயம். பதினாறு வயதுப் பையனின் அவசரம். கொடி விழுந்ததும் உள்வேலியைப் பிடிக்க மற்ற குதிரைகளின் குறுக்கே பாய்ந்தார். நான்கு குதிரைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. ஓராண்டுத் தடை. முதல் நாளே இப்படிக் கவிழ்ந்தவர், தடை முடிந்ததும் திரும்பி வந்தார். 1900 டெர்பியில் மூன்றாம் இடம். 1901-இல் ‘ஹிஸ் எமினன்ஸ்’ என்ற குதிரையில் முதலிடம். அப்போது வயது 19.

1902-இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெக்டோவல் என்ற முதலாளியிடம் டெர்பிக்குத் தயாரான குதிரைகள் இரண்டு: ‘தி ரைவல்’, ‘ஆலன்-அ-டேல்’. காலையில் இரண்டையும் ஓட்டிப் பழக்கியவர் விங்க்ஃபீல்டு. ஆனால் பந்தய நாளில் எதை ஓட்டுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. பேர் பெற்ற வெள்ளை ஜாக்கி நாஷ் டர்னருக்குத்தான் அந்த உரிமை. அவர் வேண்டாம் என்று விட்டது இவருக்கு. ஆலன்-அ-டேல்தான் வேகமான குதிரை என்பது விங்க்ஃபீல்டுக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பயிற்சியில் அதன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தே ஓட்டினார். பார்த்தவர்களுக்கு ரைவல்தான் தேவலை என்று பட்டது. டர்னர் ரைவலை எடுத்துக்கொண்டார்.

பந்தய நாளில் ஆலன்-அ-டேல் முன்னால் பாய்ந்தது. கடைசிக் கட்டத்தில் கால் வலி கண்டு நொண்ட ஆரம்பித்தது. ஓடுபாதையில் எங்கே மண் இறுகியிருக்கிறது, எங்கே மணல் ஆழம் என்பது விங்க்ஃபீல்டுக்கு மனப்பாடம். துரத்தி வந்த குதிரைகளை மணல் ஆழமான பக்கம் ஒதுங்க வைத்து, தான் இறுகிய மண்ணிலேயே வந்தார். மூக்களவு வித்தியாசத்தில் வெற்றி. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு டெர்பி.

பயிற்சியில் குதிரையை இழுத்துப் பிடித்தது நேர்மையா என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பதில் இது: இரண்டு ஜாக்கிகளுக்கும் சமமாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் அந்தத் தந்திரத்துக்கு வேலையே இருந்திருக்காது. வேகமான குதிரை எது என்று முதலாளி அவரைக் கேட்டதாகவும் தெரியவில்லை. பழக்கியவனுக்கு உள்ள அறிவை யாரும் மதிக்காதபோது, அவன் அதைத் தனக்காக வைத்துக்கொண்டான்.

1903-இல் ‘எர்லி’ என்ற குதிரையில் இரண்டாம் இடம். நான்கு டெர்பிகள், அனைத்திலும் முதல் மூன்று இடங்களுக்குள். அடுத்த ஆண்டு அவர் அமெரிக்காவில் இல்லை.

என்ன நடந்தது? கறுப்பர்கள் குதிரை ஓட்டக் கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. பந்தயத்தில் பணம் பெருகியது. ஜாக்கிகளின் பெயர் பத்திரிகையில் வந்தது. அதுவரை லாய நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவர்களின் பிள்ளைகள் சேணத்தில் ஏற ஆசைப்பட்டார்கள். பந்தயத்தின் நடுவே வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து கறுப்பு ஜாக்கியின் குதிரையை வேலியோடு நெருக்குவார்கள். குதிரையை அடிக்கும் சாட்டை ஆள் மேல் விழும். நடுவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். கறுப்பன் ஓட்டினால் குதிரைக்கு அடிபடும், பந்தயமும் போகும் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். அழைப்பு நின்றது. சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்களால் பல பந்தயத் திடல்கள் மூடப்பட்டதும் சேர்ந்துகொள்ள, மிஞ்சிய வேலைகளும் வெள்ளையருக்கே போயின. ரயிலில் ‘தனிப் பெட்டி, ஆனால் சமம்’ என்பது சரியே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்புச் சொல்லியிருந்த காலம் அது.

விங்க்ஃபீல்டும் ஒரு பிசகு செய்தார். மறைக்க வேண்டியதில்லை. மேடன் என்ற செல்வாக்குள்ள முதலாளிக்கு ஓட்ட ஒப்புக்கொண்டு, வேறொருவர் கூடுதல் பணம் தருகிறேன் என்றதும் அங்கே மாறிவிட்டார். இனி உனக்குக் குதிரை கிடைக்காது என்று மிரட்டல் வந்தது. கு க்ளக்ஸ் கிளான் கும்பலின் கொலை மிரட்டலும் வந்தது. அவர் மூட்டையைக் கட்டினார்.

போனது ரஷ்யாவுக்கு. ஜார் மன்னரின் ரஷ்யா. அங்கே அடிமை வம்சம் என்று கேட்பாரில்லை, வெல்கிறானா என்று மட்டும் பார்த்தார்கள். வென்றார். மாஸ்கோவிலும் வார்சாவிலும் டெர்பிகள், ரஷ்யாவின் முதல்நிலை ஜாக்கி என்ற பட்டம், 1909-இல் ஜெர்மனியின் பாடன் பெரும் பரிசு. அர்மீனிய எண்ணெய் முதலாளி மந்தாஷேவ் அவருக்கு ஆண்டுச் சம்பளமும் பரிசுப் பணத்தில் பத்தில் ஒரு பங்கும் கொடுத்தார். மாஸ்கோவின் நேஷனல் ஹோட்டலில் பணியாள் வைத்துக்கொண்டு வாழ்ந்தார். ரஷ்ய மொழி பேசினார். கென்டக்கியில் வாரக் குடியானவரின் பதினேழாவது பிள்ளை!

1917-இல் புரட்சி. ஏழைகளுக்கு விடிவு என்று நாம் படிக்கும் அந்த ஆண்டு, பணக்காரர்களின் குதிரையை ஓட்டிப் பிழைத்த இந்தக் கறுப்பருக்கு வேலை போன ஆண்டு. வரலாறு எல்லோருக்கும் ஒரே பக்கம் திரும்புவதில்லை. பந்தயக்காரர்கள் தெற்கே ஒடெஸா துறைமுகத்துக்கு ஒதுங்கினார்கள். 1919-இல் செஞ்சேனை அங்கும் நெருங்கியபோது, விங்க்ஃபீல்டும் ஒரு போலந்துப் பயிற்சியாளரும் இன்னும் சிலரும் இருநூறுக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வார்சாவுக்குக் கிளம்பினார்கள். சுமார் 1,100 மைல். விழுப்புரத்திலிருந்து நாக்பூருக்கும் அப்பால் போகிற தூரம். போர் நடக்கும் ஊர்கள் வழியே, உணவில்லாமல், வழியில் சில குதிரைகளையே அறுத்துத் தின்று போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை மாதிரிப் பார்த்த குதிரையை அறுக்கும்போது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை, பஞ்ச காலத்தில் உழவு மாட்டை விற்றவர்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அங்கிருந்து பிரான்ஸ். மறுபடி பூஜ்யத்திலிருந்து. 1922-இல் டோவில் பெரும் பரிசை வென்றார். ஏறத்தாழ ஐம்பது வயது வரை ஓட்டினார். வாழ்நாள் வெற்றிகள் 2,500-க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். பாரிசுக்கு அருகே மேசோன்-லாஃபித் என்ற ஊரில் சொந்தமாக லாயம் கட்டிப் பயிற்சியாளரானார். லாயத்தில் சாணி அள்ளியவர் லாயத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். 1940-இல் ஹிட்லரின் படை வந்து அந்த லாயத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். உலகம் சுற்றி வென்ற ஜாக்கிக்குத் தாய்நாடு கொடுத்த வேலை, நியூயார்க்கில் ரோடு உடைக்கும் கூலி வேலை. வயது ஏறத்தாழ அறுபது. பிறகு தெற்கு கரோலினாவில் மறுபடியும் லாயக் கூலி. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1953-இல் பிரான்சுக்கே போய்விட்டார்.

இங்கே நம் நாட்டு விளையாட்டுக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப் மைதானத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டுகிற வேலை. ஓய்வு நேரத்தில் வெள்ளையருக்குப் பந்து வீசி வீசியே பெரிய சுழற்பந்து வீச்சாளரானார். அவருடைய கை வீசிய பந்தை இந்து அணி ஏற்றுக்கொண்டது. தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் வெளியே நின்று மண் குவளையில் குடிக்க வேண்டும். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரை இல்லை. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நிலைமையும் எங்கள் நிலைமையும் ஒன்றுபோலிருக்கிறது என்றபோது, இப்படிப்பட்ட குவளைகளும் அந்த ஒப்புமைக்குள் அடக்கம்.

ஒரு வேலை கேவலமாக இருக்கும்வரை அது ‘உங்கள்’ வேலை. அதில் காசும் கைதட்டலும் வந்த நாளில் அது ‘எல்லோருடைய’ வேலை. சாவு வீட்டில் அடித்தபோது பறை தீட்டு. இன்று கல்லூரி மேடையில் அதுவே கலை. மேடை ஏறியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பயிற்சி வகுப்பு நடத்தக் கூப்பிடும்போது, தலைமுறையாகத் தோலைக் காய்ச்சி அடித்த குடும்பத்தாருக்கு அழைப்பு வருகிறதா என்று நம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டும். செஞ்சிக் கோட்டை 2025-இல் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கே குதிரை லாயத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த லாயத்தில் புல் சுமந்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள் என்ற கேள்வியையும் சுற்றுலா போகும் பிள்ளைகள் கையோடு கொண்டுபோகலாம்.

விங்க்ஃபீல்டுக்குத் திரும்புவோம். 1961-இல் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையான ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அவருடைய வாழ்க்கையை வெளியிட்டது. அந்த ஆண்டு டெர்பிக்கு முன்னால் லூயிவில் நகரின் பிரௌன் ஹோட்டலில் பந்தயச் செய்தியாளர் சங்கத்தின் விருந்து. அவருக்கும் அழைப்பு. 79 வயதுக் கிழவர், மகள் லிலியானுடன் முன்வாசலுக்கு வந்தார். கறுப்பர்கள் இந்த வாசல் வழியே வரக் கூடாது என்று நிறுத்தினார்கள். அழைப்பின் பேரில் வந்திருக்கிறோம் என்று எடுத்துச் சொல்லி, நெடுநேரம் நின்ற பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதே நகரத்தில் இரண்டு முறை டெர்பி வென்றவர். உள்ளே போய் உட்கார்ந்தபிறகும் பெரும்பாலானோர் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ரோஸ்கோ கூஸ் என்ற வெள்ளையர், 1913-இல் டெர்பி வென்ற பழைய ஜாக்கி, அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

அது மே மாதம் முதல் வாரம். அந்த டெர்பிக்கு இரண்டு நாள் முன்னால், மே 4-ஆம் தேதிதான், பஸ்ஸில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து போவோம் என்று ‘விடுதலைப் பயணிகள்’ வாஷிங்டனிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பியிருந்தார்கள். விங்க்ஃபீல்டு பந்தயத்தைப் பார்த்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பினார். 1974 மார்ச்சில் மேசோன்-லாஃபித்தில் இறந்தார். அமெரிக்கப் பந்தயத் துறையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2004-இல்.

1902-இல் அவர் வென்ற பிறகு இன்றுவரை எந்தக் கறுப்பின ஜாக்கியும் கென்டக்கி டெர்பியை வெல்லவில்லை. 1921-க்குப் பிறகு 2000-ஆம் ஆண்டு வரை, அமெரிக்கக் கறுப்பர் ஒருவர்கூட அந்தப் பந்தயத்தில் சேணம் ஏறவே இல்லை. லாயத்தில் மட்டும் அவர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள்.